நெட்வொர்க் சிமுலேஷன்: முதலில் ஒரே ஒரு வரிசையை நீங்களே எழுதுங்கள்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஆறாவது செமஸ்டர் படிக்கும் கணினிப் பொறியியல் மாணவர். ப்ராஜெக்ட்டுக்கு நெட்வொர்க் சிமுலேஷன் (நெட்வொர்க் நடந்துகொள்ளும் விதத்தைக் கணினி நிரலிலேயே போலச் செய்து பார்ப்பது) எடுத்திருக்கிறார். என்எஸ்-2 என்ற பழைய சிமுலேட்டருக்காகச் சீனியர் ஒருவர் கொடுத்த ஸ்கிரிப்ட் ஓடுகிறது, கிராஃபும் வருகிறது, ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பிடிபடவில்லை. எந்தக் கருவியைக் கற்பது, எங்கிருந்து தொடங்குவது, கணக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும், சாதாரண லேப்டாப் தாங்குமா என்பதுதான் அவர் கேட்பது.

இப்போதைக்கு எந்தக் கருவியையும் டவுன்லோட் செய்ய வேண்டாம் என்பது என் பதில். இரண்டு நாள் ஒதுக்கி, ஒரு லிங்க் (தகவல் போகும் இணைப்பு), அதன் முன்னால் பாக்கெட்டுகள் என்ற தகவல் துண்டுகள் காத்திருக்கும் ஒரு வரிசை, இவ்வளவை மட்டும் சிமுலேட் செய்யும் ஒரு சின்ன நிரலைப் பைத்தானில் நீங்களே எழுதுங்கள். ஐம்பது வரிக்கு மேல் போகாது. அதன் விடையைக் காகிதத்தில் போட்ட கணக்கோடு ஒத்துப் பாருங்கள். அதற்கு அப்புறம் என்எஸ்-3 என்ற சிமுலேட்டர் பக்கம் போகலாம். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சிமுலேட்டர் எதைக் கொடுத்தாலும் ஓர் எண்ணைத் திருப்பித் தந்துவிடும். தப்பான மாடலுக்கும் வழவழப்பான கிராஃப் வரும். அந்த எண்ணைச் சந்தேகப்படும் பழக்கம் பெரிய கருவியிலிருந்து வராது, கையால் எழுதிய சின்ன நிரலிலிருந்துதான் வரும்.

டிஸ்கிரீட் ஈவென்ட் சிமுலேஷன் என்பதைத் தமிழில் தனித்த நிகழ்வு சிமுலேஷன் என்று சொல்லலாம். நெட்வொர்க்கில் ஏதாவது மாறுவது சில குறிப்பிட்ட கணங்களில் மட்டும்தான். பாக்கெட் ஒன்று வந்து சேர்கிறது, ஒன்று அனுப்பி முடிகிறது, ஒரு டைமர் தீர்கிறது. இந்தக் கணங்களுக்கு இடையில் எதுவும் மாறுவதில்லை. அப்படியிருக்க, மைக்ரோ விநாடி மைக்ரோ விநாடியாகக் கடிகாரத்தை நகர்த்திக்கொண்டு ‘இப்போது ஏதாவது நடந்ததா?’ என்று கேட்டுக்கொண்டிருப்பது வீண் வேலை. அடுத்த நிகழ்வு எப்போது என்று பார்த்துக் கடிகாரத்தை அங்கேயே தாவவிட்டால் போதும். இதற்குத் தேவையானவை மூன்றே மூன்று. இப்போதைய நேரம், இப்போதைய நிலை, இனி நடக்க வேண்டியவற்றை நேர வரிசையில் வைத்திருக்கும் நிகழ்வுப் பட்டியல்.

ஒரு தாளை எடுத்துக்கொண்டு கூடவே செய்து பாருங்கள். லிங்க்கின் வேகம் 8 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 80 லட்சம் பிட். எல்லாப் பாக்கெட்டும் 1000 பைட், அதாவது 8000 பிட். ஆகவே ஒரு பாக்கெட்டை அனுப்பி முடிக்கச் சரியாக 1 மில்லிவிநாடி ஆகும். நான்கு பாக்கெட்டுகள் 0, 0.4, 0.7, 3.5 மில்லிவிநாடிகளில் வருகின்றன.

நேரம் 0. முதல் பாக்கெட் வருகிறது. லிங்க் சும்மா இருக்கிறது, உடனே அனுப்பத் தொடங்குகிறோம். ‘1.0-ல் புறப்பாடு’ என்று பட்டியலில் எழுதுகிறோம். ‘0.4-ல் அடுத்த வருகை’ என்பதையும் எழுதுகிறோம். பட்டியலில் சீக்கிரம் வருவது 0.4, கடிகாரம் அங்கே தாவுகிறது. இரண்டாவது பாக்கெட்டுக்கு லிங்க் காலியில்லை, வரிசையில் நிற்கிறது. 0.7-ல் மூன்றாவதும் வந்து அதன் பின்னால் நிற்கிறது. 1.0-ல் முதல் பாக்கெட் போய்விட்டது. இரண்டாவதை எடுத்து அனுப்பத் தொடங்கி, ‘2.0-ல் புறப்பாடு’ என்று எழுதுகிறோம். 2.0-ல் மூன்றாவது பாக்கெட்டின் முறை. 3.0-ல் அதுவும் போய்விட்டது, லிங்க் மறுபடி சும்மா. இப்போது பட்டியலில் மிச்சம் இருப்பது 3.5-ல் வரும் வருகை மட்டும். கடிகாரம் 3.0-லிருந்து 3.5-க்கு ஒரே தாவலில் போகிறது. நடுவில் இருக்கும் அரை மில்லிவிநாடிக்குக் கணினி எந்த வேலையும் செய்வதில்லை. நான்காவது பாக்கெட் 4.5-ல் போய்ச் சேர்வதோடு கதை முடிகிறது.

இப்போது காத்திருந்த நேரங்களைக் கூட்டுங்கள். முதலாவதுக்கு 0, இரண்டாவதுக்கு 0.6, மூன்றாவதுக்கு 1.3, நான்காவதுக்கு 0. மொத்தம் 1.9. அடுத்து, வேறு வழியில் ஒரு கணக்கு. வரிசையில் எத்தனை பேர் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று பாருங்கள். 0.4 முதல் 0.7 வரை ஒருவர், அது 0.3. 0.7 முதல் 1.0 வரை இருவர், அது 0.6. 1.0 முதல் 2.0 வரை ஒருவர், அது 1.0. கூட்டினால் அதே 1.9. இது தற்செயல் இல்லை. வரிசையில் இருப்போரின் சராசரி எண்ணிக்கை, வருகை விகிதத்தையும் சராசரிக் காத்திருப்பையும் பெருக்கினால் கிடைப்பதற்குச் சமம் என்ற லிட்டில் விதிதான் இது. ஜான் லிட்டில் 1961-ல் இதற்கு நிரூபணம் கொடுத்தார். வருகை எந்த ஒழுங்கில் இருந்தாலும் விதி பொருந்தும், அதனால்தான் இது ஒரு நல்ல சோதனைக் கருவி. உங்கள் நிரலில் வரிசை நீளத்தையும் தாமதத்தையும் தனித்தனியாக அளந்து, விதி பொருந்துகிறதா என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பொருந்தவில்லை என்றால் எங்கோ கோட்டை விட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் வரிசை நீளத்தின் சராசரியில்தான் பிழை இருக்கும். ஒவ்வொரு நிகழ்விலும் நீளத்தைக் குறித்துக் கூட்டி, நிகழ்வுகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடுவார்கள். அது தப்பு. அந்த நீளம் எவ்வளவு நேரம் நீடித்ததோ அதனால் பெருக்கிக் கூட்டி, மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும்.

தாளில் செய்ததை நிரலாக எழுதினால் அதன் எலும்புக்கூடு இவ்வளவுதான்:

நேரம் = 0, வரிசை = காலி, லிங்க் = சும்மா
முதல் வருகையைப் பட்டியலில் போடு
பட்டியலில் ஏதாவது இருக்கும் வரை:
    மிகச் சீக்கிரம் வரும் நிகழ்வை எடு
    நேரம் = அந்த நிகழ்வின் நேரம்
    வருகை என்றால்:
        அடுத்த வருகையைப் பட்டியலில் போடு
        லிங்க் சும்மா இருந்தால்: அனுப்பத் தொடங்கு, புறப்பாட்டைப் பட்டியலில் போடு
        இல்லையென்றால்: வரிசையில் சேர்
    புறப்பாடு என்றால்:
        இந்தப் பாக்கெட்டின் தாமதத்தைக் குறி
        வரிசையில் பாக்கெட் இருந்தால்: முதலாவதை எடு, அதன் புறப்பாட்டைப் பட்டியலில் போடு
        இல்லையென்றால்: லிங்க் = சும்மா

நிகழ்வுப் பட்டியலுக்கு, இருப்பதிலேயே சிறியதை முதலில் எடுத்துத் தரும் பைத்தானின் ஹீப்கியூ நூலகம் போதும். சேர்ப்பதும் எடுப்பதும் வேகமாக நடக்கும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரண்டு நிகழ்வுகள் ஒரே நேரத்தில் வந்தால் எது முதலில்? நேரத்தோடு ஒரு வரிசை எண்ணையும் சேர்த்து வைத்தால், முதலில் பதிந்தது முதலில் நடக்கும். இதைக் கவனிக்காமல் விட்டால் ஹீப் தன் போக்கில் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். வரிசைக்கு ஓர் உச்ச அளவு வைக்கும்போது இது பெரிதாகத் தெரியும். புறப்பாடு முதலில் நடந்தால் ஓர் இடம் காலியாகி, வரும் பாக்கெட்டுக்கு இடம் கிடைக்கும். வருகை முதலில் நடந்தால் அதே பாக்கெட் தொலைந்துபோகும். இன்னொன்று, நேரத்தைத் தசம எண்ணாக வைத்தால் ‘சமமா?’ என்று கேட்கும் இடங்கள் எல்லாம் ஆபத்து. கணினியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வருவதில்லை. என்எஸ்-3 நேரத்தை 64 பிட் முழு எண்ணாக, வழக்கமாக நானோ விநாடியில், வைத்திருப்பதன் பயன் இங்கே புரியும். நீங்களும் மைக்ரோ விநாடியிலோ நானோ விநாடியிலோ முழு எண்ணாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ரேண்டம் எண்கள். நான்கு பாக்கெட்டைக் கையால் கொடுத்தது போய், வருகைகளைக் கணினியே உருவாக்க வேண்டும். பாய்சான் வருகை என்றால், அடுத்தடுத்த வருகைகளுக்கு இடைப்பட்ட நேரம் எக்ஸ்பொனென்ஷியல் பரவலில் இருக்கும். 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு ரேண்டம் எண் எடுத்து, அதன் இயல் மடக்கையை எதிர்க்குறியாக்கி, வருகை விகிதத்தால் வகுத்தால் அந்த நேரம் கிடைத்துவிடும். தேவைப்படும் கணக்கு அநேகமாக இந்த அளவுதான். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த மடக்கை, அதோடு சராசரி, திட்ட விலக்கம். ரெடிமேட் ஃபங்ஷனைப் பயன்படுத்தினால் ஒன்றில் கவனம் வேண்டும். பைத்தானின் சொந்த ரேண்டம் நூலகத்தில் உள்ள எக்ஸ்போவேரியேட் விகிதத்தைக் கேட்கும். நம்பை என்ற கணக்கு நூலகத்தில் உள்ள எக்ஸ்பொனென்ஷியல் சராசரியைக் கேட்கும். ஒன்றுக்குக் கொடுக்க வேண்டியதை மற்றொன்றுக்குக் கொடுத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, தப்பான விடை மட்டும் வரும்.

இப்போது சூத்திரத்தோடு மோதிப் பார்க்கும் கட்டம். வருகையும் பாக்கெட்டை அனுப்பும் நேரமும் இரண்டுமே எக்ஸ்பொனென்ஷியல், லிங்க் ஒன்று, வரிசைக்கு எல்லை இல்லை. இதை எம்/எம்/1 வரிசை என்பார்கள். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங், 1909-ல் தொடங்கிவைத்த கணக்கு வழியில் வந்தது இது. விநாடிக்கு 1000 பாக்கெட் அனுப்பக்கூடிய லிங்க்குக்கு விநாடிக்கு 800 வந்தால், ஒரு பாக்கெட் உள்ளே வந்து வெளியே போகும்வரை ஆகும் சராசரி நேரம் 1/(1000−800) விநாடி, அதாவது 5 மில்லிவிநாடி. 900 வந்தால் 10. 950 வந்தால் 20. 990 வந்தால் 100. இந்த வரிசையை ஒரு நிமிடம் பாருங்கள். லிங்க் 80 சதவீதத்திலிருந்து 99 சதவீதத்துக்குப் போகும்போது தாமதம் இருபது மடங்காகிறது. ‘லிங்க் இன்னும் நிரம்பவில்லையே, ஏன் மெதுவாக இருக்கிறது?’ என்று கேட்பவருக்கு இதுதான் பதில்.

உங்கள் நிரலில் 800 போட்டு ஒரு லட்சம் பாக்கெட் ஓடவிடுங்கள். 4.8, 5.1 என்று 5-ஐச் சுற்றி ஆடும் எண் வந்தால் நிரல் சரி. பிறகு ஒரே ஒரு வரியை மாற்றுங்கள். அனுப்பும் நேரம் எக்ஸ்பொனென்ஷியலாக இல்லாமல், எல்லாப் பாக்கெட்டுக்கும் சரியாக 1 மில்லிவிநாடி. மொத்த 5-ல் அனுப்பும் நேரமான 1 போக, வரிசையில் காத்திருக்கும் சராசரி நேரம் 4-லிருந்து 2 மில்லிவிநாடியாகப் பாதியாகிவிடும். சராசரி வேகமும் அதே, வருகையும் அதே. பாக்கெட் அளவின் ஏற்ற இறக்கத்தை எடுத்ததற்கே பாதிக் காத்திருப்பு போய்விட்டது. சூத்திரமும் அதையேதான் சொல்கிறது. இந்தச் சோதனையை முதன்முதலில் நானே ஓட்டிப் பார்த்தபோதுதான் வரிசை என்றால் என்ன என்று எனக்கு உண்மையில் புரிந்தது. அதற்கு முன் தேர்வுக்காக எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன்.

அடுத்து 950 போட்டு அதே ஒரு லட்சம் பாக்கெட்டை ஐந்தாறு முறை, ஒவ்வொரு முறையும் வேறு சீட் (ரேண்டம் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்) வைத்து ஓட்டுங்கள். விடை 20 வர வேண்டிய இடத்தில் ஒரு முறை 16 வரும், இன்னொரு முறை 25 வரும். நிரலில் பிழை இல்லை. நெரிசல் கூடக் கூட ஒரு பாக்கெட்டின் தாமதம் அதற்கு முன் போனவற்றின் தாமதத்தோடு பின்னிக் கிடக்கிறது. அதனால் ஒரு லட்சம் பாக்கெட் என்பது ஒரு லட்சம் தனித்தனிச் சாட்சிகள் ஆகாது. ஒரே ஓட்டத்தின் எண்ணை எடுத்து ரிப்போர்ட்டில் எழுதக் கூடாது என்பது இங்கேதான் கண்ணால் தெரிகிறது. வெவ்வேறு சீடில் பத்து முறை ஓட்டுங்கள். பத்து விடைகளின் சராசரியை எடுங்கள். அவற்றின் திட்ட விலக்கத்தை 10-ன் வர்க்கமூலத்தால் வகுத்து 2.262-ஆல் பெருக்குங்கள். சராசரிக்கு மேலும் கீழும் அந்த அளவு, 95 சதவீத நம்பக எல்லை (கான்ஃபிடன்ஸ் இன்டர்வல்). கிராஃபில் ஒவ்வொரு புள்ளியிலும் அந்த எல்லைக் கோடு இருக்க வேண்டும். தொடக்கத்தில் வரிசை காலியாக இருப்பதால் முதலில் வரும் பாக்கெட்டுகளுக்குத் தாமதம் குறைவாகவே காட்டும். அந்தச் சூடேறும் பகுதியை வெட்டி எறிந்துவிட்டுத்தான் சராசரி எடுக்க வேண்டும்.

இவ்வளவும் கைக்கு வந்த பிறகு கருவிக்குப் போகலாம். கருவிகளின் பின்கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், ஏன் இப்படி இருக்கின்றன என்று புரியும். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையில், 400 கெஜ தூரத்தில், இன்டர்நெட்டின் வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. நெரிசலை டிசிபி (பாக்கெட் தொலையாமல் போய்ச் சேரப் பார்த்துக்கொள்ளும் இன்டர்நெட் நெறிமுறை) எப்படிக் கையாள வேண்டும் என்ற ஆராய்ச்சி அதன் பிறகு சூடு பிடித்தது. அந்த வகை ஆய்வுக்காகப் பெர்க்லியில் கேசவ் எழுதிய ரியல் என்ற சிமுலேட்டரிலிருந்து 1989-ல் கிளைத்ததுதான் என்எஸ். உங்கள் சீனியர் கொடுத்த என்எஸ்-2-வின் கடைசிப் பதிப்பு 2.35, வந்தது 2011-ல். என்எஸ்-3 அதன் தொடர்ச்சி இல்லை, முதலிலிருந்து புதிதாக எழுதப்பட்டது. முதல் பதிப்பு 2008-ல் வந்தது. என்எஸ்-2-வின் ஓடிசிஎல் என்ற மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட் அதில் ஓடாது. ஆகவே அந்தக் கோப்பை மரியாதையோடு ஓரமாக வைத்துவிடுங்கள்.

என் தேர்வு என்எஸ்-3. சி++ கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். டிசிபி, வைஃபை, வரிசை மேலாண்மை எல்லாம் நிஜ உலகத்துக்கு நெருக்கமாக எழுதப்பட்டிருக்கின்றன. பாக்கெட் பதிவுகளை அப்படியே வயர்ஷார்க் என்ற பாக்கெட் ஆய்வுக் கருவியில் திறந்து பார்க்கலாம். ஓம்நெட்++ என்பதும் நல்ல கருவிதான். புடாபெஸ்டில் ஆந்த்ராஷ் வர்கா எழுதியது. பாக்கெட் ஒரு கணுவிலிருந்து (நெட்வொர்க்கில் உள்ள ஒரு கணினி அல்லது கருவி) இன்னொரு கணுவுக்குப் போவதைத் திரையில் பார்த்துக்கொண்டே படிப்படியாக ஓட்டலாம். கண்ணால் பார்த்தால்தான் மனசில் நிற்கும் என்பவர் அதன் டிக்டாக் பாடத்திலிருந்து தொடங்கலாம். இன்டர்நெட் நெறிமுறைகளுக்கு அதோடு ஐநெட் என்ற தொகுப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிம்பை என்ற பைத்தான் நூலகம், நீங்கள் கையால் எழுதிய நிரலின் அழகான வடிவம். வரிசைகளுக்குப் போதும், ஆனால் அதில் டிசிபி கிடையாது. மினிநெட் என்ற பெயரும் உங்கள் காதில் விழுந்திருக்கும். அது சிமுலேட்டர் இல்லை, எமுலேட்டர். உண்மையான லினக்ஸ் கெர்னலும் உண்மையான கடிகாரமும் அதில் ஓடும், நேரம் தாவாது.

என்எஸ்-3-ஐ நிறுவும்போது ஒரு தொல்லை வரும். நிரலைக் கட்ட (கம்பைல் செய்ய), பழைய வீடியோக்களும் பிடிஎஃப்களும் வாஃப் என்ற கட்டளையைக் கொடுக்கச் சொல்லும். 2022-ல் வந்த 3.36 பதிப்பிலிருந்து அது போய் சிமேக் வந்துவிட்டது. வாஃப் இல்லை என்று பிழை வந்தால் பயப்பட வேண்டாம், படிக்கும் பாடம் பழையது, அவ்வளவுதான். விண்டோஸ் வைத்திருந்தால், அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டு உபுண்டுவுக்குள் நிறுவுங்கள்.

அதன் முதல் பாட உதாரணத்தை எல்லோரும் ஓட்டிவிட்டு ‘ஓடியது’ என்று அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அங்கே நில்லுங்கள். இரண்டு கணுக்கள், நடுவில் 5 எம்பிபிஎஸ் லிங்க், தாமதம் 2 மில்லிவிநாடி. 2-வது விநாடியில் கிளையன்ட் 1024 பைட் அனுப்புகிறது. சர்வருக்கு அது 2.00369-ல் கிடைத்தது என்று திரையில் வரும். அந்த 3.69 மில்லிவிநாடி எங்கிருந்து வந்தது? தாளை எடுங்கள். 1024 பைட், அதோடு ஒவ்வொரு நெறிமுறையும் முன்னால் ஒட்டும் ஹெடர்கள்: யுடிபி ஹெடர் 8, ஐபி ஹெடர் 20, பிபிபி ஹெடர் 2. மொத்தம் 1054 பைட், 8432 பிட். 5 எம்பிபிஎஸ்ஸில் அனுப்ப 1.6864 மில்லிவிநாடி. பயணத்துக்கு 2. கூட்டினால் 3.6864. திரையில் இருப்பதும் அதுவேதான். பதில் திரும்பிவர இரண்டு மடங்கு, 2.00737. கடைசி இலக்கம் வரை பொருந்தும்போது கிடைக்கும் நம்பிக்கை வேறு எதிலும் கிடைக்காது. பொருந்தாமல் போனால், எந்த ஹெடரை விட்டோம் என்று தேடும் அரைமணி நேரத்தில் கற்பது ஒரு செமஸ்டருக்குச் சமம்.

ப்ராஜெக்ட்டுக்கு என்ன எடுக்கலாம்? ஐம்பது மொபைல் கணுக்கள் அலையும் அட்ஹாக் (நிலையான கோபுரம் இல்லாமல் தங்களுக்குள்ளேயே இணையும்) நெட்வொர்க்கில் இரண்டு ரவுட்டிங் (வழி தேடும்) முறைகளை ஒப்பிடுவது வழக்கமாக எல்லோரும் எடுக்கும் தலைப்பு. அதை விட்டுவிடுங்கள். அசையும் விதம், ரேடியோ, ரவுட்டிங் என்று அதில் நீங்கள் சரிபார்க்க முடியாத விஷயங்கள் ஏகப்பட்டவை. அதற்குப் பதிலாக வீட்டு இன்டர்நெட்டில் நாம் எல்லோரும் அனுபவிக்கும் ஒன்றை எடுங்கள். ஒருவர் பெரிய வீடியோவை அப்லோட் செய்தால் இன்னொருவரின் வீடியோ கால் திக்கித் திணறுகிறதே, அதுதான். பஃபர்ப்ளோட் என்று இதற்குப் பெயர். ஒரு 1 எம்பிபிஎஸ் அப்லிங்க், அதில் ஒரு டிசிபி அப்லோட், கூடவே வீடியோ காலின் இடத்தில் சின்னச் சின்ன யுடிபி பாக்கெட்டுகள். வரிசையின் கொள்ளளவை 10, 50, 200 பாக்கெட் என்று மாற்றி, யுடிபியின் தாமதத்தை அளவிடுங்கள்.

ஓட்டுவதற்கு முன் விடையைத் தாளில் எழுதுங்கள். 1500 பைட் பாக்கெட்டுக்கு 1 எம்பிபிஎஸ்ஸில் 12 மில்லிவிநாடி. வரிசை நிரம்பியிருந்தால் 10 பாக்கெட்டுக்கு 120 மில்லிவிநாடி, 50-க்கு 600, 200-க்கு 2.4 விநாடி. சரி, ஓட்டுங்கள். முதலில் பெரிய தாமதம் எதுவுமே வராமல் திகைப்பீர்கள். காரணம், இன்றைய என்எஸ்-3 பதிப்புகளில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அதுவே எஃப்கியூ-கோடெல் என்ற வரிசை முறையைப் போட்டுவிடும். பஃபர்ப்ளோட்டைத் தீர்க்கவே உருவான முறை அது. அதை நீக்கிவிட்டுச் சாதாரண ஃபிஃபோவை (முதலில் வந்தது முதலில் போகும் வரிசை) நீங்களே வைக்க வேண்டும். இப்போது 200-க்கு 2.4 விநாடி வர வேண்டுமே, வருவது 0.9 சொச்சம். டிசிபியின் துண்டு அளவு என்எஸ்-3-ல் வழக்கமாக 536 பைட்தான், 1500 பைட் பாக்கெட்டுக்கு வேண்டிய 1448 இல்லை. ஹெடர்களோடு சேர்த்தால் 590 பைட் அளவு, அது 200 பாக்கெட்டுக்கு 0.94 விநாடி. சரி, அதையும் 1448 ஆக்குகிறீர்கள். அப்போதும் 1.1 விநாடியைத் தாண்டாது. அனுப்புநர், பெறுநர் பஃபர்கள் (தகவலைத் தற்காலிகமாக வைக்கும் நினைவக இடம்) வழக்கமாக 131072 பைட். அதற்கு மேல் டிசிபி வெளியே விடவே முடியாது, அதனால் வரிசையில் 90 பாக்கெட்டுக்கு மேல் சேராது. இரண்டு பஃபரையும் பெரிதாக்கினால்தான் 2.4-ஐ நெருங்கும்.

தாளில் 2.4 என்று முன்னாலேயே எழுதியிருந்தால்தான் இந்த மூன்றையும் கண்டுபிடிப்பீர்கள். இல்லாவிட்டால் ‘வரிசையைப் பெரிதாக்கினாலும் தாமதம் ஒரு விநாடிக்கு மேல் போகவில்லை’ என்று ஒரு முடிவு எழுதி, அதற்கு ஒரு விளக்கமும் கற்பித்திருப்பீர்கள். இது சரியாக வந்த பிறகு கோடெல்லையும் எஃப்கியூ-கோடெல்லையும் வைத்து ஒப்பிடுங்கள். அருமையான ப்ராஜெக்ட் அது.

ஒப்பிடும்போது நான் ஒருமுறை விழுந்த குழியைச் சொல்ல வேண்டும். இரண்டு வரிசை முறைகளில் ஒன்றின் சராசரித் தாமதம் மிகக் குறைவாக வந்தது. சந்தோஷமாக கிராஃப் போட்டு, வழிகாட்டியிடம் காட்டும் அளவுக்குப் போய்விட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி, ‘எத்தனை பாக்கெட் போய்ச் சேர்ந்தது?’ எண்ணிப் பார்த்தால், அந்த முறை நெரிசல் வந்தாலே பாக்கெட்டுகளைத் தாராளமாகத் தூக்கி எறிந்துகொண்டிருந்தது. தாமதம் என்பது போய்ச் சேர்ந்தவற்றுக்குத்தான் உண்டு. நெடுநேரம் நிற்க வேண்டியவற்றை எறிந்துவிட்டால் மிச்சத்தின் சராசரி அழகாகத்தான் இருக்கும். அன்றிலிருந்து தாமதம், இழப்பு, போய்ச் சேர்ந்த அளவு மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல் எந்த கிராஃபையும் நான் பார்ப்பதில்லை.

ரேண்டம் எண் விஷயத்தில் என்எஸ்-3-க்கு ஓர் எச்சரிக்கை. நீங்கள் மாற்றாதவரை சீட் ஒரே சீட்தான். பத்து முறை ஓட்டினாலும் புள்ளி பிசகாமல் அதே விடை வரும். ‘பத்து முறை ஓட்டினோம், முடிவு நிலையானது’ என்று எழுதிய ரிப்போர்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன். சீடை அப்படியே வைத்துவிட்டு ரன் எண்ணை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும் என்பதுதான் அந்தக் கருவியின் முறை.

பாய்சான் வருகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூத்திரத்தோடு ஒத்துப்பார்க்க அது சரி, ஆனால் நிஜமான இன்டர்நெட் போக்குவரத்து அப்படி இல்லை. 1990-களின் முதல் பாதியில் பெல்கோர் ஆய்வகத்து ஈதர்நெட் பதிவுகளை ஆராய்ந்தவர்களும், 1995-ல் வேர்ன் பாக்ஸனும் சாலி ஃப்ளாய்டும் இதைக் காட்டிவிட்டார்கள். பாய்சானில் பெரிய கால இடைவெளியாகச் சேர்த்துப் பார்க்கப் பார்க்க ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும். நிஜத்தில் எந்த அளவில் பார்த்தாலும் கொத்துக் கொத்தாகவே வருகிறது. பாய்சானை வைத்து வரிசைக் கொள்ளளவைத் தீர்மானித்தால் குறைத்து மதிப்பிடுவீர்கள். பயனர்கள் எப்போது இணைப்பைத் தொடங்குகிறார்கள் என்பதற்கு அது ஓரளவு பொருந்தும், பாக்கெட் அளவில் பொருந்தாது.

ரிப்போர்ட்டில் என்னென்ன எழுத வேண்டும்? சிமுலேட்டரின் பெயர், பதிப்பு எண், நீங்கள் மாற்றிய ஒவ்வொரு அமைப்பும், மாற்றாமல் விட்டவற்றில் முக்கியமானவையும், எத்தனை ஓட்டம், என்ன சீட், சூடேறும் பகுதி எவ்வளவு, நம்பக எல்லை. ஸ்கிரிப்டையும் இணைத்துவிடுங்கள். இது சும்மா சம்பிரதாயம் இல்லை. மொபைல் அட்ஹாக் நெட்வொர்க் பற்றி மோபிஹாக் மாநாட்டில் 2000 முதல் 2005 வரை வந்த 151 கட்டுரைகளைக் குர்கோவ்ஸ்கியும் இரண்டு சகாக்களும் ஆராய்ந்தார்கள். அவற்றில் 114 சிமுலேஷனைப் பயன்படுத்தியிருந்தன. இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்கும் அளவுக்கு விவரம் இருந்தவை 15 சதவீதத்துக்கும் குறைவு. அத்துறையின் முன்னணி மாநாட்டின் நிலையே அதுதான். ஒரு கல்லூரி ப்ராஜெக்ட் அதைவிட ஒழுங்காக இருக்க முடியும், அதற்குச் செலவு எதுவும் இல்லை.

கடைசியாக, லேப்டாப். மேலே சொன்ன அத்தனையும் 8 ஜிபி ராம் உள்ள சாதாரண லேப்டாப்பில் தாராளமாக ஓடும். சிமுலேட்டர் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை நெட்வொர்க்கில் எத்தனை கணு என்பதை வைத்து மட்டும் கணக்கிட முடியாது, எத்தனை நிகழ்வு என்றுதான் பார்க்க வேண்டும். 10 ஜிபிபிஎஸ் லிங்க் நிரம்பி ஓடினால் 1500 பைட் பாக்கெட்டுகள் விநாடிக்கு 8.3 லட்சம் போகும். ஒவ்வொரு பாக்கெட்டும் ஒவ்வொரு கணுவிலும் பல நிகழ்வுகளை உண்டாக்கும். அப்படிப்பட்ட லிங்க் நூறு வைத்தால் ஒரு விநாடியைச் சிமுலேட் செய்ய மணிக்கணக்காகும். 1 எம்பிபிஎஸ் அப்லிங்க்கில் விநாடிக்கு 83 பாக்கெட்தான், பத்து நிமிட நெட்வொர்க் நேரம் கண்மூடித் திறப்பதற்குள் முடியும். முதலில் பிழை தேட உதவும் டீபக் மோடில் கட்டி, பிழைகளைக் களைந்த பிறகு வேகமாக ஓடும் ஆப்டிமைஸ்டு மோடில் மறுபடி கட்டி, இரவில் பத்து ஓட்டங்களையும் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். நிரலை எழுதும்போது எங்காவது சிக்கினால், நான்கு பாக்கெட் உதாரணத்துக்கு உங்கள் நிரல் கொடுக்கும் நிகழ்வுப் பட்டியலை அப்படியே ஒட்டிக் கேளுங்கள், எந்த வரியில் விலகுகிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.